எண்பது மில்லி ரத்தம்

2023ஆம் ஆண்டு ஐப்பசிக் கடைசியில் மகளுக்கு வளைகாப்பு நடத்தி, தலைப்பிரசவத்துக்காகப் பாம்பனில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். வந்த நாலாம் நாள் காலையில், தோளில் மடிக்கணினிப் பையும் கையில் பளபளப்பான அட்டைகளுமாக ஓர் இளைஞர் வாசலில் நின்றார். மகளின் பெயர், எத்தனையாவது மாதம், மருத்துவர் குறித்துக் கொடுத்திருந்த தேதி ஆகிய மூன்றையும் பிசகில்லாமல் சொன்னார். அந்த மூன்றையும் ஒருசேர நாங்கள் எழுதிக் கொடுத்தது ஸ்கேன் எடுத்த இடத்தில் மட்டுமே. அங்கிருந்து அவை இவர் கைக்கு எப்படி வந்தன என்று கேட்டேன். சிரித்தாரே தவிர விடை சொல்லவில்லை. வீடு தேடி வந்தவரை வாசலில் நிற்கவைத்துப் பேசும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை என்பதால் உள்ளே உட்காரச் சொன்னேன். என் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பிறக்கப்போகும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்கள் என்ற தாய் அணுக்களைப் பிரித்து, 21 ஆண்டுகளுக்கு உறையவைத்துக் காக்கும் நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி அவர். பரமக்குடிப் பக்கத்துப் பிள்ளை. உயிர்த் தொழில்நுட்பம் படித்தவர். மாதத்துக்கு இத்தனை பதிவு பிடித்தாக வேண்டும் என்ற இலக்கைச் சுமந்துகொண்டு தொண்டியிலிருந்து சாயல்குடி வரை மோட்டார் சைக்கிளில் அலைகிறவர். அவர்மீது எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. கட்டணம் 55,000 ரூபாய் என்றார்; தவணையிலும் கட்டலாம் என்றார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தமிழ்நாட்டு அரசு தரும் 18,000 ரூபாயை எதிர்பார்த்து நாள் எண்ணும் குடும்பங்கள் நிறைந்த கடற்கரை இது. அதைப்போல் மூன்று மடங்குத் தொகையை அவர் தயங்காமல் சொன்னதற்குக் காரணம் இருந்தது: என் மருமகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார் என்பதும் அவர் வைத்திருந்த தாளில் எழுதியிருந்தது.

நான் என்ன வேலை பார்த்தவன் என்பது மட்டும் அந்தத் தாளில் இல்லை. 1994 முதல் 2021 வரை, 27 ஆண்டுகள், அரசு மருத்துவமனை ஒன்றின் ரத்த வங்கியில் ஆய்வக நுட்புநராக இருந்தவன் நான். ரத்தத்தை வகை பார்ப்பதும், நோயாளியின் ரத்தத்தோடு பொருத்தம் பார்ப்பதும், 350 மில்லிப் பைகளை 2 முதல் 6 டிகிரிக் குளிரில் அடுக்கிவைப்பதும், 35 நாள் கெடு தாண்டியவற்றை மனமில்லாமல் கழித்துக் கட்டுவதுமே என் பிழைப்பாக இருந்தது. ஆகவே அவர் சொல்லவந்ததை முழுவதும் கேட்டுவிட வேண்டும் என்று உண்மையாகவே ஆவல்பட்டேன்.

அவர் சொன்னவற்றில் அடிப்படையான பகுதியில் பொய் இல்லை. குழந்தை பிறந்து தொப்புள்கொடியை அறுத்த பிறகு, கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் கொஞ்சம் ரத்தம் தங்கியிருக்கும். முன்பெல்லாம் நஞ்சோடு சேர்த்துப் புதைக்கவோ எரிக்கவோபட்ட அந்த ரத்தத்தில், நம் எலும்பு மஜ்ஜைக்குள் உட்கார்ந்துகொண்டு சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாவற்றையும் உற்பத்தி செய்கிற தாய் அணுக்களும் இருக்கின்றன. கொடியில் உள்ள சிரையில் ஊசியைச் செலுத்தி, உறையாமல் காக்கும் மருந்து கலந்த பையில் அதை வடித்து எடுத்துவிடலாம். தாய்க்கும் வலிக்காது, பிள்ளைக்கும் வலிக்காது. பிறகு அணுக்களைப் பிரித்து, டைமெத்தில் சல்பாக்சைடு என்ற காப்புத் திரவம் சேர்த்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெல்லக் குளிரவைத்து, மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜன் தொட்டிக்குள் இறக்கிவைப்பார்கள். இருபத்து மூன்றரை ஆண்டு உறைந்து கிடந்த அணுக்கள் உருக்கிய பின் உயிரோடு வேலை செய்ததை அமெரிக்காவில் ஹால் பிராக்ஸ்மயர் குழுவினர் 2011இல் காட்டியிருக்கிறார்கள். இந்த விஞ்ஞானத்தில் எனக்குச் சந்தேகம் ஏதும் இல்லை.

அவருடைய மடிக்கணினியில் முதலில் வந்த படம் பாரிஸ் நகரம். 1988 அக்டோபரில் அங்குள்ள செயின்ட் லூயி மருத்துவமனையில், எலியான் குளுக்மன் என்ற மருத்துவர், ஃபான்கோனி ரத்தசோகை என்ற கொடிய பிறவி நோய் கொண்ட ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கு, உலகிலேயே முதன்முறையாகத் தொப்புள்கொடி ரத்தத்தைச் செலுத்திப் பிழைக்கவைத்த வரலாறு. இளைஞர் அதை உருக்கமாகவே சொன்னார். அவர் சொல்லி முடித்ததும், "அது யாருடைய கொடி ரத்தம், தம்பி?" என்று கேட்டேன். "தங்கச்சியோடது, சார்," என்றார். சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போகாமல் கொஞ்சம் தயங்கினார். கேள்வி எங்கே போகிறது என்று அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

அந்தச் சிறுவனுடைய சொந்தக் கொடி ரத்தத்தை அவன் பிறந்தபோதே எடுத்து வைத்திருந்தால் அது அவனுக்கு எதற்கும் உதவியிருக்காது. ஃபான்கோனி சோகை மரபணுவில் வருவது. பழுதுபட்ட அதே மரபணு அவனுடைய கொடி ரத்தத்தின் ஒவ்வோர் அணுவிலும் இருந்திருக்கும். மரபணுவில் வரும் மற்ற ரத்த நோய்களான தலசீமியாவுக்கும் இதுவே கதி, அரிவாள் அணுச் சோகைக்கும் இதுவே கதி. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்கு அதன் சொந்தக் கொடி ரத்தத்தைத் திரும்பக் கொடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் குழந்தைப் பருவ ரத்தப் புற்றுநோய்கள் பலவற்றில் நோயின் முதல் விதை பிறக்கும்போதே ரத்தத்தில் இருந்திருக்கிறது. அதோடு, வேறொருவரின் அணுக்கள் உள்ளே போய் மிஞ்சியிருக்கும் புற்றணுக்களை அந்நியம் என்று கண்டுகொண்டு தாக்குவதே அந்தச் சிகிச்சையின் பாதி பலம். தன்னுடைய அணு தன்னுடைய புற்றை அப்படி எதிர்க்காது. 'எண்பதுக்கும் மேற்பட்ட நோய்களுக்குத் தீர்வு' என்று அட்டையில் அச்சிட்டிருந்த பட்டியலை விரல் வைத்துக்கொண்டே வாசித்தேன். அதில் பெரும்பாலானவை அடுத்தவர் அணுவைக் கொண்டு தீர வேண்டிய நோய்கள். அட்டையோ 'உங்கள் குழந்தைக்கு உங்கள் குழந்தையே மருந்து' என்றது.

இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2018இல் வெளியிட்ட கருத்தறிக்கை இதைக் கணக்காகவே போட்டிருக்கிறது. ஒருவருடைய கொடி ரத்தம் முதல் இருபது ஆண்டுகளுக்குள் அவருக்கே பயன்படுவதற்கான வாய்ப்பு 2,500 பேரில் ஒருவர் என்பதிலிருந்து 2,00,000 பேரில் ஒருவர் என்பது வரை. பரமக்குடி இளைஞரிடம் இந்த எண் இல்லை. இருந்திருந்தாலும் அதை அவர் சொல்ல நிறுவனம் விட்டிருக்காது.

அடுத்து வந்த படம்தான் எங்கள் வீட்டில் சிரிப்பை உண்டாக்கியது. வெள்ளித் தாயத்து கட்டிய ஒரு குழந்தையின் படத்தைப் போட்டு, நம் முன்னோர்கள் தொப்புள்கொடியைத் தாயத்துக்குள் அடைத்து அரைஞாண்கொடியில் கட்டியது ஸ்டெம் செல்லைப் பாதுகாக்கத்தான், பிற்காலத்தில் நோய் வந்தால் அதைப் பொடித்துக் கொடுத்துக் குணப்படுத்தினார்கள், நாங்கள் செய்வது அதன் நவீன வடிவம் என்றார். திண்ணையில் கால் நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு வயது 84. ஏழு பிள்ளை பெற்று, ஏழு தாயத்துக் கட்டியவர். "ஏந்தம்பி, வாடி விழுந்த கொடிய வெள்ளிக்குள்ள அடைச்சுக் கட்டுறது கண்ணு பட்டுறக் கூடாதுன்னு. காஞ்ச கருவாட்ட மறுபடி கடல்ல போட்டா நீந்துமா?" என்றார். ஆய்வகத்தில் 27 ஆண்டு இருந்த என்னால்கூட இதைவிடச் சுருக்கமாக விளக்கியிருக்க முடியாது. ஏழெட்டு நாளில் காய்ந்து உதிரும் கொடித் துண்டில் உயிருள்ள அணு எதுவும் மிஞ்சுவதில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் இந்தக் கதையைப் படித்தவர்களும் பகிர்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். பாட்டிமாரின் அன்பை விஞ்ஞானம் என்று பொய்யாக உயர்த்தினால்தான் மதிப்போம் என்றால், அவர்களை நாம் மதித்ததாக ஆகாது.

அன்றிரவே மருமகன் அழைத்தார். இளைஞர் எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பியவுடன் சிங்கப்பூர் எண்ணுக்கும் அட்டைகளை அனுப்பிவிட்டிருந்தார். "மாமா, நீங்க செலவப் பத்தி யோசிக்காதீங்க, நான் கட்டிர்றேன். இது ஒரு இன்ஷூரன்ஸ் மாதிரிதானே," என்றார். மாப்பிள்ளையிடம், அதுவும் பிறக்கப்போகும் தன் முதல் பிள்ளைக்காகச் செலவழிக்கிறேன் என்று சொல்லும் மாப்பிள்ளையிடம், வேண்டாம் என்று மாமனார் எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. "நல்லது மாப்பிள்ளை, கொஞ்சம் விசாரிச்சுட்டுச் சொல்றேனே," என்று நிறுத்திக்கொண்டேன். ஆனால் அந்த இன்ஷூரன்ஸ் என்ற சொல் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. காப்பீடு என்றால் படகு மூழ்கினால் பணம் வர வேண்டும். இங்கே நிலைமை வேறு. படகு எந்த விதத்தில் மூழ்க அதிக வாய்ப்போ அந்த விதத்தில் மூழ்கினால் பணம் கிடையாது என்று விஞ்ஞானமே சொல்கிறது.

அதைவிட அதிகமாக உறுத்தியது வங்கி என்ற சொல். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பணத்துக்கு ரத்தம் விற்கிறவர்கள் இருந்தார்கள். காசுக்காக மாதத்துக்கு இரண்டு தடவை கை நீட்டியவர்களின் ரத்தம் தண்ணீராக வெளுத்திருக்கும். உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பால் அது தடைசெய்யப்பட்டு, 1998 ஜனவரி முதல் தேதி முதல் ரத்தத்தைத் தானமாகவே பெற வேண்டும் என்றானது. அதன் பிறகு வந்து கொடுத்தவர்களை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள் தடைக்காலத்தில், கரையில் சும்மா இருக்கும் ஆட்கள் பத்துப் பதினைந்து பேராக வேனில் வந்து இறங்குவார்கள். கொடுக்கிறவருக்குத் தன் ரத்தம் யாருக்குப் போகிறது என்று தெரியாது. பெறுகிறவருக்கு யாருடையது என்று தெரியாது. ஒரு தடவை, கடல்பாசி எடுக்கப் போகும் பெண் ஒருத்திக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், ஓ நெகட்டிவ் தேடி இரவெல்லாம் ஊர் ஊராகத் தொலைபேசியில் அழைத்து, கடைசியில் கீழக்கரையிலிருந்து ஒருவர் விடிவதற்குள் வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் தொழுகைக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போய்விட்டார். எனக்கு வங்கி என்றால் அதுதான். தன் பெயரை எழுதி ஒட்டி, தான் மட்டுமே திறக்கும்படி பூட்டிவைப்பது வங்கி அல்ல, பெட்டகம். வாடகைக்கு எடுக்கும் லாக்கர்.

உண்மையான கொடி ரத்த வங்கிகளும் உலகில் இல்லாமல் இல்லை. 1990களின் தொடக்கத்தில் நியூயார்க் ரத்த மையத்தில் பாப்லோ ருபின்ஸ்டீன் தொடங்கியது அப்படிப்பட்டது. தாய்மார்கள் தானமாகக் கொடுத்ததைச் சோதித்து, ஒருவர் அணு இன்னொருவருக்கு ஒத்துப்போகுமா என்று காட்டும் திசு வகையைப் பதிந்து, எந்த நாட்டுக் குழந்தைக்குப் பொருந்துகிறதோ அதற்குக் கொடுப்பது. நம் நாட்டில் பெரும்பாலும் வளர்ந்தது லாக்கர் வியாபாரம். பணம் கட்டிய குடும்பங்கள் எல்லாம் ஒருவர் சேமிப்பை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம் என்ற கூட்டு முறையைச் சில ஆண்டுகளாக விற்கிறார்கள். விசைப்படகில் பங்கு போடுவதைப் போன்ற அந்த முறை வெறும் லாக்கரைவிட நியாயமானது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பங்கு கட்டாத படகோட்டியின் பிள்ளைக்கு அதில் இடம் இல்லை.

இளைஞர் தம் பேச்சின் கடைசியில், இன்னும் 20,000 கூடுதலாகக் கட்டினால் கொடியின் திசுவையும் சேர்த்து வைக்கிறோம், நாளைக்குச் சர்க்கரை, மூட்டுத் தேய்மானம் எல்லாவற்றுக்கும் ஆகும் என்றிருந்தார். அப்போதே அவரைத் தடுத்து நிறுத்தியிருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி இந்தியாவில் சேமிக்க அனுமதி பெற்றது தொப்புள்கொடி ரத்தம் ஒன்றுதான். கொடித் திசு, நஞ்சுக்கொடி, பால்பல், மாதவிடாய் ரத்தம் எதையும் அப்படிக் காசு வாங்கிச் சேமித்துவைக்க இடமில்லை. எதிர்காலச் சொந்தப் பயனுக்காகத் தனியாரிடம் கொடி ரத்தத்தைச் சேமிப்பதையும் அந்தக் கழகம் பரிந்துரைக்கவில்லை.

பரிந்துரைக்கும் இடம் ஒன்று உண்டு. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாதம் தவறாமல், மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றிக்கொள்ள ஒரு தலசீமியாச் சிறுவன் எங்களிடம் வந்துகொண்டிருந்தான். ஐந்து வயதில் வரத் தொடங்கினான். ஒவ்வொரு பையையும் ஏற்றுவதற்கு முன்னால் அது எந்த ஊர் மாமா கொடுத்தது என்று என்னிடம் கேட்பான். நானும் வாய்க்கு வந்த ஊர்ப் பெயரைச் சொல்வேன். இந்த நோய்க்கு மஜ்ஜை மாற்று சிகிச்சையை 1986இலேயே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் செய்துகாட்டியிருக்கிறார்கள். அவனுடைய அம்மா மறுபடி உண்டானபோது, பிறக்கும் பிள்ளையின் கொடி ரத்தத்தை எடுத்து வைக்கச் சொல்லி மருத்துவர்களே எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஏற்கெனவே இத்தகைய நோய் இருந்தால், அடுத்த பிள்ளையின் கொடி ரத்தம் பொன்னுக்குச் சமம். அங்கே சேமிப்பதற்கு அர்த்தம் உண்டு. உடன்பிறந்தவருக்குத் திசு வகை முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பிறந்தது தங்கை, அவளுக்கு நோய் இல்லை, ஆனால் பொருத்தமும் இல்லை. சோதனை முடிவு வந்த அன்று அந்தத் தகப்பன் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, "பாப்பாவுக்காவது இல்லாமப் போச்சே, அது போதும் சார்," என்றார். அன்றும் பையனுக்கு ஒரு பை ஏற்ற வேண்டியிருந்தது.

நாலில் பொருந்தாத மற்ற மூன்று வாய்ப்புகளில் சிக்கியவர்களுக்கு வேறு வழிகள் திறந்திருப்பதையும் சொல்ல வேண்டும். 2009இல் சென்னையில் தொடங்கப்பட்ட தாத்ரி என்ற பதிவகத்தில், பெரியவர்கள் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்துத் தங்கள் திசு வகையைப் பதியலாம். யாருக்காவது பொருந்தினால் அவர்களுடைய ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்லைப் பிரித்து எடுத்துக்கொள்கிறார்கள். தாயோ தந்தையோ பாதிப் பொருத்தம் மட்டுமே உள்ளவராக இருந்தாலும் மாற்று சிகிச்சை செய்யும் முறையும் இப்போது பரவிவிட்டது. அதனாலேயே உலகமெங்கும் கொடி ரத்தத்தின் தேவை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. அதோடு, ஒரு கொடியில் கிடைக்கும் அணுக்கள் சிறு பிள்ளையின் எடைக்குத்தான் கட்டுப்படியாகும். வளர்ந்த ஆளுக்கு இரண்டு அலகுகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 21 ஆண்டு கழித்து என் பேரப்பிள்ளை எழுபது கிலோவில் வந்து நின்றால் அந்தச் சிறு பை என்ன செய்யும் என்ற கேள்விக்கும் அட்டையில் விடை இல்லை.

இவற்றையெல்லாம் மாப்பிள்ளையிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, அவர் இருக்கும் ஊரிலேயே செய்தி வந்தது. நவம்பர் 30 அன்று சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சகம், அங்குள்ள தனியார் கொடி ரத்த வங்கி ஒன்றின் ஏழு தொட்டிகளில் வெப்பநிலை வரம்பு மீறிப்போனதாக அறிவித்தது. மைனஸ் 150க்குக் கீழே இருந்தாக வேண்டியவை அவை. ஒரு தொட்டியில் இருந்த சுமார் 2,200 பேரின் சேமிப்பு கெட்டுவிட்டது. மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் அங்கே கணக்கு வைத்திருந்தார்; தன் மகனுடையது எந்தத் தொட்டியில் இருக்கிறது என்று தெரியாமல் அவர் வாரக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தாராம். சிங்கப்பூரிலேயே இந்தக் கதி என்றால், என்று மாப்பிள்ளை இழுத்தார். நான் அந்த வாதத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஐஸ் பெட்டி எந்த ஊரிலும் பழுதாகும். அதைக் காரணம் காட்டி ஒரு முறையையே தள்ளிவிடுவது நேர்மையாகாது. பெட்டி பழுதாகாமல் இருந்தாலும் உள்ளே இருப்பது யாருக்கு உதவும் என்பதே என் கேள்வி.

அவரை உண்மையில் யோசிக்கவைத்தது வேறொரு கணக்கு. சொல்லப்போனால் என்னையும் அதுதான் ஒரு பக்கமாகத் தள்ளியது. குழந்தை வெளியே வந்தவுடன் கொடியின் துடிப்பு நின்றுவிடுவதில்லை. சில நிமிடங்கள் அது துடித்துக்கொண்டே நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தத்தைக் குழந்தைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். முதல் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 80 மில்லி, மூன்று நிமிடத்தில் 100 மில்லி வரை. மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் உடம்பில் மொத்தமாக ஓடும் ரத்தமே சுமார் 240 மில்லிதான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த 80 மில்லி எவ்வளவு பெரிய சொத்து என்பது விளங்கும். பெரியவர் ஒருவருக்கு அதே விகிதத்தில் ரத்தம் கொடுக்க வேண்டுமானால் நாலைந்து பை ஏற்ற வேண்டியிருக்கும். உலக சுகாதார நிறுவனம் கொடியை ஒரு நிமிடத்துக்கு முன்னால் கவ்வி போட்டு அறுக்க வேண்டாம், ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை பொறுங்கள் என்று சொல்வது இதனால்தான். தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு. பிறக்கும்போது உள்ளே போகும் இந்த ரத்தத்தில் உள்ள இரும்பையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பிள்ளை முதல் ஆறு மாதங்களை ஓட்டுகிறது. சில பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை சற்றுக் கூடுதலாக வந்து நீல விளக்கின் கீழே வைக்க வேண்டியிருக்கலாம். அது தீர்க்கக்கூடிய தொல்லை.

இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறுகிறது. இந்தப் புள்ளிவிவரம் எனக்குக் காகிதத்தில் தெரியவந்தது அல்ல. சோதனைக் குழாயில் ரத்தம் எடுக்கும்போதே நிறத்தைப் பார்த்து ஹீமோகுளோபின் எட்டு, ஏழரை என்று சொல்லும் அளவுக்குக் கண் பழகியிருந்தது. இரண்டு லட்சத்தில் ஒன்றோ இரண்டாயிரத்தைந்நூறில் ஒன்றோ என்று தெரியாத ஒரு நோய்க்காக, மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்கு வரும் என்று தெரிந்த ஒரு குறையைத் தடுக்கும் ரத்தத்தைப் பையில் வடித்துச் சென்னைக்கு அனுப்புவதா? கொடி ரத்தம் கழிவாகப் போகிறது, அதைத்தான் எடுக்கிறோம் என்று அந்த இளைஞர் சொன்னார். அவசரப்பட்டு அறுத்தால்தான் அது கழிவு.

கொடியைப் பொறுத்து அறுத்துவிட்டு மிச்சத்தைச் சேமிக்கலாமே என்று மாப்பிள்ளை கேட்டார். நல்ல கேள்வி. ராமநாதபுரத்தில் மகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் மருத்துவரிடம் அதையே கேட்டோம். "ரெண்டையும் செய்யலாம். ஆனா நான் நிமிஷக் கணக்குப் பார்த்துப் பொறுத்தேன்னா அவங்க பை நிறையாது. பை நிறையணும்னா நான் அவசரப்படணும். எனக்கு முன்னால படுத்திருக்கிறது புள்ள, பை இல்ல," என்று அவர் சொன்னார். வெளியே வரும்போது, அந்த நிறுவனத்தின் அதே பளபளப்பு அட்டைகள் வரவேற்பு மேசையிலும் அடுக்கியிருந்ததைக் கவனித்தேன். மருத்துவர் ஒரு பக்கம், மருத்துவமனை நிர்வாகம் ஒரு பக்கம். இதை எழுதாமல் விடுவது சரியாகாது.

மாப்பிள்ளை இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் மகளை அழைத்துப் பேசியிருக்கிறார். பிறகு என்னிடம், "மாமா, உங்க பொண்ணு வேண்டாம்னு சொல்லிருச்சு. எங்க அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்," என்றார். என் வாதங்களெல்லாம் பக்கம் பக்கமாகக் கிடக்க, மகள் என்ன சொல்லி முடித்தாள் என்று கேட்டேன். பிள்ளைக்கு வேண்டிய ரத்தம் பிள்ளைக்கே போகட்டும் என்று மட்டும் சொன்னாளாம். அந்த இளைஞருக்கு நானே தொலைபேசியில் தகவல் சொன்னேன். ஏன் என்று கேட்டார். தலசீமியாச் சிறுவனின் கதையைச் சொல்லி, அப்படிப்பட்ட குடும்பம் உங்கள் பட்டியலில் இருந்தால் அவர்களிடம் முதலில் போங்கள், அவர்களிடம் காசு கேட்காமல் செய்யச் சொல்லி உங்கள் மேலதிகாரியிடம் மன்றாடுங்கள் என்றேன். சரி சார் என்றார். செய்தாரா என்பது தெரியாது.

தை மாதக் கடைசியில் வலி எடுத்தது. 2022 டிசம்பரில் நின்ற ரயில் பாம்பன் பாலத்தில் அப்போது இன்னும் ஓடத் தொடங்கியிருக்கவில்லை. சாலைப் பாலத்தில் அதிகாலைக் காற்று வண்டியைத் தள்ள, என் மனைவி மடியில் மகள் தலை வைத்திருக்க, மண்டபம், உச்சிப்புளி தாண்டி ராமநாதபுரம் போய்ச் சேர்ந்தோம். பிற்பகலில் பேத்தி பிறந்தாள். இரண்டு கிலோ தொள்ளாயிரம். உள்ளே நடந்ததை மகள் பிறகு சொன்னாள். பிள்ளையை அவள் நெஞ்சின்மேல் போட்டு, கொடியை அறுக்காமல், செவிலிய அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். "ரெண்டு நிமிஷம் ஆச்சு மேடம்" என்ற குரலுக்குப் பிறகுதான் கவ்வியின் ஓசை கேட்டதாம். அந்த இரண்டு நிமிடம் பிள்ளை நீலத்திலிருந்து சிவப்பாக மாறுவதைத் தான் பார்த்துக்கொண்டிருந்ததாக மகள் சொன்னாள்.

எட்டாம் நாள் கொடி உதிர்ந்தது. அம்மா அதைப் பஞ்சில் சுற்றி எடுத்துவைத்து, ஆசாரியிடம் சொல்லி வெள்ளித் தாயத்து ஒன்று அடித்துவரும்படி என்னை அனுப்பினார். நான் மறுபேச்சுப் பேசவில்லை. அன்று மாலை வீடியோவில் பேத்தியின் இடுப்பைக் காட்டச் சொல்லிப் பார்த்த மாப்பிள்ளை, "தாயத்து எவ்வளவு ஆச்சு மாமா?" என்று கேட்டார். கூலியோடு எழுநூறு ரூபாய் என்றேன். திண்ணையிலிருந்து அம்மா, எழுநூறு அதிகம், ஆசாரி ஏமாற்றிவிட்டான் என்றார்.